செம்போத்துக்குக் கண் சிவந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே வரப்பில் நின்று வாயாடிக்கொண்டிருந்த நாளில், மேல்மலைச் சரிவில் வெள்ளாயி என்று ஒருத்தி தனியாளாகக் கேழ்வரகு விளைவித்து வந்தாள். அங்கே கதிர் அறுக்க வருகிறவர்கள் கூலி கேட்க மாட்டார்கள். முளைகட்டிய கேழ்வரகை வறுத்து, இடித்து, காய்ச்சி, புளிக்க வைத்த கள் ஒரு பானை இருக்க வேண்டும். கள் பிடித்திருந்தால் அரிவாளை எடுப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் அடுத்த விளைகாட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காய்ச்சியவள் முதல் வாய் குடிக்கக் கூடாது. தன் கைப்பக்குவத்தைத் தானே மெச்சிக்கொள்வது அவர்களுக்குக் கேவலம். அதனால் பானைக்குள் என்ன ஆகியிருக்கிறது என்று வெள்ளாயிக்கே தெரியாது.

எல்லோரும் கள்ளைக் குளிர்ந்த மூலையில்தான் வைப்பார்கள். அந்த வருஷம் வெள்ளாயி வீட்டு மூலையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைக் கிளப்ப மனம் வராமல், பானையை வைக்கோல் போருக்குள் செருகிவிட்டாள். அந்தச் சூட்டில் பத்து நாள் கிடந்தது. அறுப்பன்று காலையில் அறுப்பாட்கள் முன்னால் பானையைப் போரிலிருந்து உருவி, வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்ததுதான் தாமதம், நுரை புஸ்ஸென்று பொங்கி நாலு பக்கமும் வழிந்தது.

அறுப்பாட்களின் தலைவன் கரியான் இரண்டடி பின்வாங்கினான்.

"என்ன அம்மணி, இப்படி நுரை தள்ளுது? போருக்குள்ள பாம்பு கெடந்திருக்கும். வெசத்தக் கக்கிட்டுப் போயிருக்குது. நாங்க கெளம்பறோம்."

மேற்கே மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. முற்றிய கதிர் நனைந்தால் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும். ஒரு வருஷத்துச் சோறு போய்விடும். ஆனாலும் வெள்ளாயி கெஞ்சவில்லை.

"என் கை காய்ச்சினது கெட்டுப்போவாதுங்ண்ணா."

"அப்போ யாரு குடிச்சுப் பாக்கறது?"

"நான் பாக்கறேன்," என்று வேலியிலிருந்து ஒரு குரல். செம்போத்துப் பறவைதான். "பாம்பையே புடிச்சுத் தின்னறவன் நான். அதோட வெசம் என்னைய என்ன பண்ணிரும்?"

கொஞ்சம் அலட்டல் பேர்வழிதான். ஆனால் சொன்னதைச் செய்தது. பானைக்குள் கழுத்துவரை தலையை விட்டு உறிஞ்சியது. நுரை கண்ணிலெல்லாம் தெறித்தது. தலையைத் தூக்கியபோது இரண்டு கண்ணும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"ஐயோ, வெசம் ஏறிருச்சு!" என்று கூட்டம் அலறியது. வெள்ளாயிக்கு உயிரே போய்விட்டது.

"சும்மா இருங்கப்பா, நாக்குல இன்னும் நிக்குது," என்றது செம்போத்து. "இனிப்பு துளிகூட இல்ல. மொதல்ல எலுமிச்சந்தோலு. அப்புறம் மொளகாட்டம் சுரீருங்குது. கடைசியில வெயில்ல காஞ்ச வைக்கோல் வாசம். தொண்டையக் காய வெச்சு, இன்னொரு வாய் கேக்குது. அக்கா, இந்த மலையில இப்படியொண்ண யாரும் காய்ச்சினதில்ல!"

"கண்ணு செவந்திருக்குதே?" என்றான் கரியான்.

"கண்ணப் பாக்காத. நடையப் பாரு."

செம்போத்து வரப்பில் இறங்கியது. பறக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, அடி மேல் அடி வைத்து, இம்மியும் தள்ளாடாமல் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தது.

கரியான் சுரைக்குடுவையை நீட்டினான். ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். மறுபடி நீட்டினான். பிறகு யாரும் யாரையும் வேலைக்கு அழைக்க வேண்டியிருக்கவில்லை. முதல் தூறல் விழும்போது கடைசிக் கதிர்க்கட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அப்போதுதான் வெள்ளாயி ஒரு வாய் குடித்தாள். தன்னைத் தானே மெச்சக் கூடாதாம், வழக்கமாவது ஒன்றாவது! "நான் காய்ச்சினதாக்கும்!" என்று மலைக்கே கேட்கும்படி சொன்னாள். அவளுக்கு அவ்வளவு பெருமை. சுனைத் தண்ணீர் மொண்டுவந்து செம்போத்தின் கண்ணைக் கழுவப் போனாள்.

அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வேண்டாங்க்கா. கழுவிட்டா, மொதல் வாய் வெச்சது யாருன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

அன்று முதல்தான் செம்போத்தின் கண் செக்கச்செவேலென்று இருக்கிறது. இறக்கை இருந்தும், எத்தனை பேர் பார்த்தாலும், அது அவசரமில்லாமல் வரப்பில் நடந்தே போகிறது.