படிக்கு நேரம் குறித்தவள்

“இந்த அட்டையை நீங்களே வச்சுக்குங்க அக்கா. இந்த வேலை எனக்கு வேணாம்.”

உண்ணாமலை கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அந்தச் சமரசக் கூடத்தில் மரகதவல்லிதான் குரு. வழக்குப் போட்டவர்களை எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைப்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பவர். உண்ணாமலையைவிட ஆறு வயது சின்னவர். இருந்தாலும் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

அக்கா நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். சுவரில் உலகப் படம். எந்த நாட்டில் இப்படி ஒரு கூடம் திறந்ததாகச் செய்தி வந்தாலும் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார். படம் அம்மை வார்த்த முகம்போல் இருந்தது.

“என்னாச்சு?” என்றார், திரும்பாமல்.

“அந்தப் படிக்கட்டுக் கேசுதான். அஞ்சலையும் தேவகியும்.”

அஞ்சலை ஒரு வீட்டின் மூத்த மருமகள். தேவகி இளையவள். வீட்டைப் பாகம் பிரித்தபோது மாடிப்படி நடுவில் மாட்டிக்கொண்டது. ஏழு வருஷமாக வழக்கு. ஏழு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

நீதிபதி வழக்கை இங்கே அனுப்பியிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“போன வாரமே முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே.”

“முடிச்சேன் அக்கா. பகல் பன்னெண்டு மணி வரைக்கும் படி அஞ்சலைக்கு. அதுக்கு மேல தேவகிக்கு. யாருக்கும் ஒரு நிமிஷம் கூடக் குறைச்சல் இல்ல. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.”

“அப்புறம்?”

“இன்னைக்குக் காலையில என் வீட்டு வாசல்ல நின்னு திட்டுறாங்க.”

“யாரு?”

“ரெண்டு பேரும்.”

அக்கா திரும்பிப் பார்த்தார்.

“அஞ்சலை என்ன சொன்னாங்க?”

“‘உச்சி வெயில்ல அவளைப் படியேற வச்சிருக்கியே, வெயில் பட்டா அவளுக்கு ஒத்தத் தலைவலி வரும்னு தெரியாதா’ங்கறாங்க. எனக்கு எப்படி அக்கா தெரியும்?”

“தேவகி?”

“‘காலையில அவங்களுக்கு முட்டி மடங்காது, படியில உருண்டு விழுந்தா நீ வந்து தூக்குவியா’ங்கறா.”

“இதையெல்லாம் அன்னைக்குச் சொல்லலையா?”

“அன்னைக்கு ஆளுக்கொரு சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தாங்க. பேசினது எல்லாம் என்கிட்டதான்.”

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கினார்.

“சரி, நேரத்தை மாத்தி எழுதித் தரேன்னேன்,” என்றாள் உண்ணாமலை. “அதுக்கும் திட்டு. ‘எங்க வீட்டுப் படிக்கு நேரம் குறிக்க நீ யாரு’ன்னு.”

“அதைச் சொன்னது யாரு?”

உண்ணாமலை யோசித்தாள்.

“தெரியல அக்கா. ஒருத்தி ஆரம்பிச்சா, இன்னொருத்தி முடிச்சா.”

அக்கா மேசையில் கிடந்த அட்டையை எடுத்துப் பார்த்தார்.

உண்ணாமலை சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள்.

“இத்தனை நாட்டுல நடக்குது. என் கையில மட்டும் ஏன் நடக்க மாட்டேங்குது? எட்டாவதோட நின்னவளுக்கு இது தேவையா? திங்கட்கிழமை நீதிபதிக்கு என்ன பதில் சொல்றது? மறுபடியும் கோர்ட்டு, இன்னும் ஏழு வருஷம். அதுவரைக்கும் அந்த அஞ்சலை இருப்பாங்களோ என்னமோ. எல்லாம் என்னாலதான்.”

“இப்ப அவங்க எங்க?”

“என் பின்னாலயே வந்துட்டாங்க. உங்ககிட்ட என்னைப் பத்திப் புகார் சொல்லணுமாம். வெளியில நிக்கறாங்க.”

“எதுல வந்தாங்க?”

“ஆட்டோவுல.”

“ரெண்டு ஆட்டோவா?”

“ஒண்ணுதான். அதுவா அக்கா இப்ப முக்கியம்?”

அக்கா போய்க் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து அட்டையை உண்ணாமலையின் கழுத்தில் மாட்டினார்.

உண்ணாமலை ஒன்றும் புரியாமல் தாழ்ப்பாளைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள்.

வெளியே கதவு தட்டும் சத்தம்.

“உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டா பாத்தியா, தேவகி. படிக்குப் பங்கு போட வந்தவ.”

“எங்க போயிடப் போறா, வெளிய வந்துதானே ஆகணும். நீங்க ஏன் நிக்கறீங்க? இப்படி உக்காருங்க, கால் வலிக்கும்.”

“நீ மொதல்ல நிழலுக்கு வா.”

உண்ணாமலை பதறி எழுந்தாள்.

“நான் போய் மன்னிப்புக் கேட்டுடறேன் அக்கா. பேசிச் சரி பண்ணிடறேன்.”

தாழ்ப்பாள்மேல் போன அவள் கையை அக்கா பிடித்துக்கொண்டார்.

“இருங்க,” என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும்.”