கட்டிலுக்கடியில் இருந்த ஒயின்

புதுச்சேரியில் தியாகேச முதலியார் வீட்டில் மத்தியான விருந்து. மேசை நிறைய ஒயின் புட்டிகள். ‘இது போர்தோ சீமையின் மெர்லோ திராட்சை, அது பர்கண்டியின் பினோ’ என்று அளந்து அலுத்த முதலியாருக்கு, பரிமாறும் சவரிமுத்துவை வம்புக்கிழுக்கத் தோன்றியது.

“இதில் எதுடா உசத்தி? சரியாகச் சொன்னால் நீ திருடிக் குடித்தவன். தப்பாகச் சொன்னால் தொழில் தெரியாதவன். எப்படியும் வேலை போச்சு.”

விருந்தாளிகள் சிரித்தார்கள்.

சவரிமுத்து பணிவாகச் சொன்னான்: “ஊரும் திராட்சையும் எனக்குத் தெரியாதுங்க. ஆனா உசத்தி இந்த மேசையில இல்லீங்க. விருந்துன்னாலே எசமான் அதைக் கட்டிலுக்கடியில ஒளிச்சு வைக்கச் சொல்வார். எடுத்துட்டு வரட்டுங்களா?”

“கொண்டா,” என்றார்கள் விருந்தாளிகள், முதலியார் வாயைத் திறப்பதற்குள்.

கட்டிலுக்கடியில் ஒரு புட்டியும் மிஞ்சவில்லை. சவரிமுத்துவின் வேலை மட்டும் மிஞ்சியது. பீரோவுக்குப் பின்னால் இருப்பதும் அவனுக்குத் தெரியுமே.