வெள்ளநெல்லும் ஏரிக்கரையும்

இது கேட்டவர் சொல்லிக் கேட்ட கதை, கூடக்குறைய இருக்கலாம். முன்னொரு காலத்தில் குன்றையூர் நாட்டை ஆதன்வேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஒரு பெருவெள்ளத்தில் சந்தை படுத்துவிட்டது. உடனே ராஜா வெள்ளத்துக்கென்று நெல் ஒதுக்கி, வீட்டுக்கு ஒரு கலம் கொடுக்கச் சொன்னார். வாங்கியவர்கள் விதைத்தார்கள், விற்றார்கள். சந்தை மறுபடி கூடியது. அப்படியும் களஞ்சியத்தில் நாலாயிரம் கலம் மிஞ்சியது. வழக்கப்படி அதன்மேல் சாம்பல் முத்திரை வைத்தார்கள். ராஜா சொல்லாமல் யாரும் தொடக்கூடாது.

மறு ஆண்டு, உடைந்த ஏரிக்கரையைக் கட்டக் கூலி வேண்டியிருந்தது.

"புதுவரி போடலாம், பிரபு" என்றார் வரி அதிகாரி செங்கோடர். வசூலில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு.

அமைச்சர் திருமேனியார் ஊர்க்காரர்களை நினைத்தார். இப்போதுதான் உழவுமாடு வாங்கியவர்கள், வரி கட்ட அதையே விற்பார்கள்.

"மிச்ச நெல் இருக்கிறதே, பிரபு?"

"வெள்ளத்துக்கென்று சொன்ன நெல் அது! ராஜவாக்கு என்ன விளையாட்டா, அமைச்சரே?" என்று செங்கோடர் பாய்ந்தார்.

ராஜாவும் தலையாட்டினார். "நாளை வரிமுரசு ஒலிக்கட்டும்."

"சரி பிரபு. இன்று மதியம் இருவரும் என் வீட்டில் சாப்பிட வேண்டும்" என்றார் திருமேனியார்.

இலை போட்டு இரண்டு நாழிகை ஆயிற்று. சோறு வரவில்லை. அமைச்சரின் மனைவி முறத்தோடு அண்டை வீடுகளில் அரிசி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா, வீட்டில் அரிசியே இல்லையா?" என்றார் ராஜா.

"குதிர் நிறைய இருக்கிறது, பிரபு. மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. கூட்டம் குறைந்ததால் மிஞ்சிவிட்டது. கல்யாண அரிசியை வேறு விருந்துக்கு எப்படித் தொடுவது?"

"பைத்தியமா உமக்கு? கல்யாணம்தான் முடிந்துவிட்டதே! பசி உயிர் போகிறது, எடுத்துப் பொங்கச் சொல்லும்!" என்று கத்தினார் செங்கோடர்.

ராஜா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இலை நகரும்படி சிரித்தார். "உம் வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டது. முத்திரையை உடையுங்கள்!"

"ஒரே ஒரு விண்ணப்பம், பிரபு. முதலில் பத்துநாள் பறையறைவோம். நெல் கிடைக்காத வீடு இருந்தால் அவர்களுக்கு. மீந்தது கரைக்கு" என்றார் திருமேனியார்.

வரி நின்றது. கரைக்கு முதல் கூடை மண்ணைச் செங்கோடரே சுமந்தார். ஏரி நிறைந்த பிறகு ராஜா மாலையில் அங்கே உலாவுவாராம். எதிரே வருகிறவர்கள் மதகு ஒழுகுகிறது என்று குறை சொல்ல, நின்று கேட்பாராம். அப்படியும் ஒரு காலம் இருந்தது.

கதை சொன்னவர், நாலாயிரம் கலமும் கரைக்கே போனது என்றார். பிறகு கரையில் நட்ட கல்லைப் படித்துப் பார்த்தால், மூவாயிரத்து எழுநூறு என்றுதான் இருக்கிறது. முந்நூறு வீடுகள் பறைச் சத்தம் கேட்டு வந்திருக்கின்றன.