பெடலுக்கு எண்ணெய்

“என் லூப்பைத் திருடிட்டான், டீச்சர்.”

மூன்று மாடி ஏறி வந்த சற்குணம், செருப்பைக் கழற்றும் முன்பே இதைச் சொல்லிவிட்டார். மூச்சு வாங்கியது. படியால் வாங்கியதா, கோபத்தால் வாங்கியதா என்று அவருக்கே தெரியாது.

மும்தாஜ் டீச்சர் தரையில் உட்கார்ந்து, தன் டிரம்மின் கால் பெடலைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் டப்பா. டீச்சர் சற்குணத்தைவிட வயதில் சின்னவர். ஆனால் தாளத்தைக் காது கொடுத்துக் கேட்கச் சற்குணம் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

“உட்காருங்கண்ணா. யாரு?”

“எதிர்ச் சந்துல ஸ்டுடியோ வெச்சிருக்கானே, பெர்னாட். அவன்தான்.”

லூப் என்பது டிரம் வாசிப்பிலிருந்து வெட்டியெடுத்த சின்னத் துண்டு. அதைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, மேலே பாட்டைக் கட்டுவார்கள்.

பழைய ஃபங்க் இசைத்தட்டுகளிலிருந்து ஹிப் ஹாப்புக்குத் தோதான துண்டுகளாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சற்குணம் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையச் சேர்த்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. சற்குணம் கனம். சற்குணம் ஓட்டம். சற்குணம் மழை. டிஸ்க்கின் பாஸ்வேர்டைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை. ஒருநாள் தன் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதே என்று பெர்னாட்டின் கம்ப்யூட்டரில் செருகியதுதான் வினையாகப் போயிற்று.

“என் லூப்பை வெச்சு ஒரு படத்துக்குப் பாட்டு போட்டிருக்கான். அவனுக்கு இதுதான் முதல் படம். வெள்ளிக்கிழமை பாட்டு வெளியாகுது. இசைக் கலைஞர் சங்கத்துல புகார் குடுத்து நிறுத்தப் போறேன். இனிமே இந்தத் தொழில்ல அவன் தலையெடுக்கவே கூடாது. நீங்க சாட்சி சொல்லணும். உங்க காதை எல்லாரும் நம்புவாங்க.”

“உங்க லூப்தான்னு எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் சற்குணம் போனை நீட்டினார்.

“அவன் பாட்டோட டீசர் இது. சுத்து முடியற இடத்துல கேளுங்க.”

டிரம் ஓடியது. சுற்று முடிகிற இடத்தில், அடிக்கு நடுவே, மெல்லிசாக ஒரு கீச்.

“பெடல் கத்துது பாருங்க. வேற எந்தத் தட்டுலயும் இது கிடையாது. சென்ட்ரல் பக்கம் பிளாட்பாரத்துல மழையில நனைஞ்சு கிடந்த தட்டு, டீச்சர். அட்டை கிடையாது, லேபிள் உரிஞ்சு போச்சு. யார் பாடினது, யார் அடிச்சது, ஒரு எழவும் தெரியாது. நான்தான் எடுத்துக் கழுவி, காயவெச்சு, வெட்டினேன். அந்தக் கீச்சை எடுத்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் விடல. அதோட உயிரே அதுலதான் இருக்கு. அந்தக் கீச்சு என்னோடது.”

“இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார். டீச்சரின் குதிகால் தன்னால் தரையைத் தட்டியது.

“நல்லா வாசிச்சிருக்காங்க,” என்றார்.

“வயிறு எரியுது டீச்சர். அடுத்தவன் சொத்தை எடுத்து, கூசாம தன் பேரைப் போட்டுக்கறான். அவனெல்லாம் மனுஷனா?”

டீச்சர் பெடலைக் கீழே வைத்தார். எண்ணெய் டப்பாவை எடுத்துச் சற்குணத்தின் கையில் வைத்தார்.

“இது எதுக்கு?”

“உங்க பெடல்தானேண்ணா. பாவம், அந்தக் கத்து கத்துது. போய் ரெண்டு சொட்டு விட்டுட்டு வாங்க. வந்ததும் சங்கத்துக்குப் போலாம். நான் சாட்சி சொல்றேன்.”

சற்குணத்துக்கு இன்னும் கோபம் வந்தது. நியாயம் கேட்டு வந்தவனிடம் விளையாட்டா? விறுவிறுவென்று படியிறங்கினார். டீச்சர் வராவிட்டால் என்ன, நேரே சங்கத்துக்கே போய்விடுவது என்று வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

“எங்க சார் போணும்?”

சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் எண்ணெய் டப்பா இன்னும் தன் கையிலேயே இருப்பதைப் பார்த்தார். அந்தப் பெடல் எங்கே இருக்கிறது, யாருடையது?

காது மடல் சுட்டது.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“சார், எங்கன்னு சொன்னாத்தானே போக முடியும்?”