ஈசல் கிளம்பிய காலை

மலையடிவாரத் தியான மையத்தில் பதினோரு ஆண்டுகளாக வரவேற்பாளர் பூவராகன். கட்டணம் கட்டி வருகிறவர்களிடம், மூன்றாம் நாள் கண்ணை மூடினால் ஒளி தெரியும் என்று சொல்லி உள்ளே அனுப்புவார். அவருக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை.

போன வாரம் முகாம் முடிந்து ஒரு பெண்மணி கண்கலங்கி வந்து நின்றார். தனக்கு எதுவும் தெரியவில்லை, குறை தன்னிடம்தானோ என்றார்.

"நீங்க பார்த்திருக்கீங்களாய்யா?"

பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார் பூவராகன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்காவது போகத் தோன்றியது. கடைசியில் ஜவ்வாது மலைக்குப் பஸ் ஏறினார். அதே மையத்தில் முன்பு பாடம் சொன்ன நாச்சியார், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே சாமை பயிரிடுகிறார். பூவராகனைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் பூவராகன் மனதில் குரு என்றால் நாச்சியார்தான்.

மழை பெய்து ஓய்ந்த காலை. வானம் இன்னும் மூடாக்குப் போட்டிருந்தது. நாச்சியார் நிலத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பூவராகன் வரப்பில் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

"அந்த ஒளி நிஜமாவே இருக்காம்மா?"

நாச்சியார் கல் நிறைந்த கூடையை அவர் கையில் கொடுத்து, ஓரத்துப் புற்றருகே கொட்டிவிட்டு வரச் சொன்னார்.

எரிச்சலோடுதான் போனார். புற்றருகே மண் அசைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு விரிசலிலிருந்தும் ஈசல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தள்ளி, விழுந்து, பறந்தன. கரிச்சான் குருவி ஒன்று காற்றிலேயே வளைந்து வளைந்து பிடித்தது. ஓணானுக்கு வாய் மூட நேரமில்லை. தின்னத் தின்ன மண் இன்னும் கக்கியது. ஓர் ஈசல் பூவராகனின் மணிக்கட்டில் இறங்கி, இறக்கைகளை உதிர்த்துப் போட்டுவிட்டு, பெரிய எறும்பு மாதிரி நடந்து போனது.

நாச்சியார் வந்து கூடையை வாங்கியபோதுதான் அது இன்னும் தன் இடுப்பில் இருப்பது பூவராகனுக்குத் தெரிந்தது.

உடனே பழைய பரபரப்பு தொற்றிக்கொண்டது. இறக்கை உதிர்வது அகங்காரம் உதிர்வதா, புற்றுதான் உடம்பா என்று அடுக்கிக்கொண்டே போனார். மையத்தில் இதையே முதல்நாள் பாடமாக வைக்கலாம் என்றார். நாச்சியார் கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பினார்.

பூவராகனின் குரல் இறங்கியது.

"அந்தம்மாகிட்ட நான் என்ன சொல்ல?"

"இப்பப் பார்த்ததைச் சொல்லுங்க."

"இதுல ஒளின்னு எதுவும் இல்லையே."

"இல்லதான்" என்றார் நாச்சியார். "ஆனா இதை நீங்க பார்த்தீங்க."