எட்டுக் கையெழுத்து, ஓர் ஊசி

யாரையும் நம்பிவிடாமல் கேளுங்கள். இந்தக் கதையில் ஒருவர் பச்சையாகப் பொய் சொல்கிறார். இன்னொருவர் உள்ளதைச் சொன்னாலும் அவரை நம்ப வழியில்லை.

ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு, பகல் பன்னிரண்டரை மணி. இன்சுலின் போட வேண்டியவர்கள் எட்டுப் பேர். சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டு, போட்ட பிறகு நோட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வார்டு வழக்கமோ வேறு. முதலில் எட்டுக் கட்டத்திலும் கையெழுத்து, அப்புறம்தான் ஊசி. கேட்டால், "ஊசியை ஆரம்பிச்சுட்டா நோட்டு ஞாபகத்துக்கே வராது" என்பார்கள். நல்ல நியாயம்தான் போங்கள்.

அன்று நர்ஸ் ஜெனிட்டாவும் அப்படித்தான் எட்டையும் போட்டுவிட்டு ஊசிகளோடு கிளம்பினாள். தொகுப்பூதியத்தில் ஏழு வருஷம் ஓட்டியவள். பணி நிரந்தர ஆணை அந்த மாதம் வர வேண்டும். பாதி வேலையில், பஸ் விபத்து என்று அவசரப் பிரிவுக்கு அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் இடத்துக்கு வந்தவள் பூங்கோதை, அவளுடைய உற்ற தோழி.

பதினான்காம் படுக்கை அருகே, தட்டில் ஓர் ஊசி கிடந்தது. மருந்து ஏற்றியிருந்தது, யாருக்கென்று பெயர் ஒட்டவில்லை. படுக்கையில் பாக்கியத்தம்மாள், வாதம் வந்து பேச்சு நின்றுபோனவர். நோட்டைப் பார்த்தால் போட்டாயிற்று. ஊசியைப் பார்த்தால் போடவில்லை. இரண்டாம் முறை இறங்கிவிட்டால் சர்க்கரை மளமளவென்று சரிந்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

அவருடைய மகன் துரைப்பாண்டி அடித்துச் சொன்னான்: "அம்மாவுக்கு இன்னும் போடலை சிஸ்டர். நான் இந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. சட்டுனு போடுங்க, சோறு ஆறுது."

அவன் கையிலிருந்த டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. வார்டுக்குள் டீக்கடை கிடையாது.

ஹெட் சிஸ்டர் சுசீலாபாய் வந்து எட்டிப் பார்த்தார். "நோட்டுல கையெழுத்து இருக்கில்ல? அப்ப போட்டாச்சு. அந்த ஊசியைக் கழிச்சுப் போட்டுட்டுப் பேசாம இரு. இதையெல்லாம் எழுதி வச்சா அந்தப் பொண்ணு வேலைக்கு வேட்டு வச்ச மாதிரி ஆயிடும்."

பூங்கோதை ஜெனிட்டாவுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. ஊசியைப் போடவும் இல்லை, எறியவும் இல்லை. தனியே எடுத்து வைத்தாள். பாக்கியத்தம்மாளைச் சாப்பிட வைத்து, மணிக்கொருதரம் சர்க்கரை பார்க்கச் சொல்லிவிட்டு, டாக்டருக்குத் தகவல் சொன்னாள். பிறகு நோட்டில் எழுதினாள்: 'கையெழுத்து எட்டு. எத்தனை பேருக்குப் போட்டது என்று தெரியவில்லை. பெயரில்லாத ஊசி ஒன்று மீதம்.' எழுதும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்கு ஜெனிட்டா திரும்பினாள். "பதினாலுக்கு நான் போட்டுட்டேன்டி. அவங்க மகன் அப்ப டீ வாங்கப் போயிருந்தார். மீதி இருந்தது பதினஞ்சுக்கு. போடறதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க." பிறகு நோட்டைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. "நீயாடி எழுதினே?" என்றாள்.

ஆக, பதினான்காம் படுக்கை விஷயத்தில் சுசீலாபாய் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. பூங்கோதை எழுதியதால் தோழிக்கு மெமோ வந்தது. இப்போது சொல்லுங்கள்: கையெழுத்தை நம்பிய சுசீலாபாய், தோழியின் கையெழுத்தையே சந்தேகித்த பூங்கோதை, இருவரில் யார் செய்தது சரி?

விடை: பூங்கோதை. சுசீலாபாய் தப்பித்தது குருட்டு அதிர்ஷ்டம். அதே நோட்டு பதினைந்தாம் படுக்கைக்கும் போட்டாயிற்று என்றுதானே சாதித்தது? அங்கே இருந்தவள் அன்று காலைதான் சேர்ந்தவள். தனக்கு ஊசி உண்டென்றே அவளுக்குத் தெரியாது. பூங்கோதை எழுதியதைப் பார்த்துத்தான் டாக்டர் எட்டுப் பேருக்கும் சோதனை செய்தார். அவளுக்குச் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. சோற்றைக் கொடுத்து ஊசியை நிறுத்தியதிலும் கணக்கு உண்டு: ஏறிய சர்க்கரையை மாலையில் இறக்கிக்கொள்ளலாம், ஒரேயடியாக இறங்கிவிட்டால் மாலை வரை ஆள் இருக்க மாட்டார். ஜெனிட்டாவின் ஆணை அந்த மாதம் வரவில்லை. பூங்கோதை அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்கக் கூடாது என்பதே என் கட்சி.