நாளைச்சிட்டு போட்ட முதல் தையல்

பறவையும் பூச்சியும் ஒரே வகுப்பில் பாடம் படித்த அந்தக் காலத்தில், குளக்கரை ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவி கூடு கட்டக் கற்றுக்கொடுத்து வந்தது. படிக்கிற பறவைகள் எல்லாம் முதல் மழைக்குள் ஆளுக்கொரு கூடு கட்டிக் காட்ட வேண்டும்.

அந்த வகுப்பில் குட்டிப் பச்சைச் சிட்டு ஒன்று இருந்தது. சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. விடிந்ததும் நார் பொறுக்கப் போகும். கொண்டுவந்ததை நீளம் பார்த்து அடுக்கும், பிறகு கலைத்து நிறம் பார்த்து அடுக்கும். "அக்கரையில இதைவிட நல்ல நார் இருக்காம். நாளைக்குத் தொடங்கிக்கலாம்" என்று அத்தி இலைமேல் உட்கார்ந்து வாலை ஆட்டும். பரீட்சைக்கு முன்னால் மேசையைத் துடைத்து, பென்சிலையெல்லாம் சீவி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு இந்தச் சிட்டை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வகுப்பில் அதற்கு நாளைச்சிட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது.

உண்மையில் அதற்குப் பயம். ஆசிரியரின் கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் 'நமக்கு இப்படி வராது' என்று மறுபடி நாரை அடுக்கப் போய்விடும். வயிற்றில் முட்டைகள் வேறு இருந்தன.

ஒரு நாள் பிற்பகல் மேற்கே வானம் கறுத்தது. திடீரென்று வீசிய காற்று, அடுக்கி வைத்திருந்த நார் முழுவதையும் குளத்தில் கொட்டியது. கீழே புதரோரம் கீரி ஒன்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கூடில்லாமல் முட்டை தரைக்குப் போனால் அதன் வாய்க்குத்தான் போகும்.

"போச்சு, எல்லாம் போச்சு! இனிமே எப்படிக் கூடு கட்டுவேன்?" என்று சிட்டு அழுதது.

அதே கிளையில் வலை பின்னியிருந்த சிலந்தி, சிட்டின் வகுப்புத் தோழி. அது எட்டிப் பார்த்தது.

"கூட்டை விடுடி. ஒரே ஒரு தையல் போடுவியா?"

"எதுல போடுறது? நார்தான் இல்லையே!"

"நீ உட்கார்ந்திருக்கியே, அந்த இலையில போடு. நூல் நான் தர்றேன்."

சொன்னதோடு நிற்காமல், காலையிலிருந்து பின்னிய வலையைச் சிலந்தி தானே பிரித்தது. அன்றைய சாப்பாடு அந்த வலையில்தான் விழ வேண்டும்.

சிட்டு அலகால் இலையோரத்தில் துளை போட்டு, நூலை நுழைத்து இழுத்தது. தையல் கோணல்தான். ஆனால் இலையின் இரண்டு ஓரமும் சேர்ந்து நின்றன.

"அட, நிக்குதுடி!"

"அப்ப இன்னொண்ணு போடு."

போட்டது. அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் துளி விழுந்தபோது இலை பையாகியிருந்தது, சிட்டு அதற்குள் இருந்தது.

மழை விட்டதும் ஆசிரியர் வந்து இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "இப்படி நான் சொல்லிக்கொடுக்கலையே! ஒழுகுதா?"

"இல்லீங்க."

"அப்பப் பாஸ்."

சிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரக் கிளையில் வலையில்லாமல் பசியோடு ஒடுங்கியிருந்த சிலந்தியைப் பார்த்துக் கண் கலங்கியது. "உன் சாப்பாட்டைப் பிரிச்சுல்ல எனக்கு வீடு குடுத்திருக்கே! நான் கண்ண மூடுற வரைக்கும் மறக்க மாட்டேன்டி."

மறக்கவுமில்லை. அதன் வழிவந்த தையல்சிட்டு தான் உட்கார்ந்த செடியின் இலையிலேயே தைக்கத் தொடங்குவதும், பஞ்சும் நாரும் எவ்வளவு கிடைத்தாலும் தேடிப் போய்ச் சிலந்தி நூலையும் சேர்த்துக்கொள்வதும் அன்று முதல்தான்.